மின்சாரம் இருக்கையில் எரிந்த விளக்கு

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் கண் அழுத்தம் பார்க்கும் கருவி பீப் பீப்பென்று கூவியது, நடையில் குடிநீர் இயந்திரம் வழக்கம்போல உறுமியது. கட்டிடம் முழுக்க மின்சாரம் இருந்தது. அப்படியிருந்தும் சொட்டு மருந்து அறையில், கதவுக்கு மேலே, கரண்ட் போனால் மட்டுமே எரிய வேண்டிய எமர்ஜென்சி விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

"யாரும்மா அது, கண்ணுல ஊசி குத்துற மாதிரி லைட்டைப் போட்டது?" என்று ஒரு பெரியவர் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் ஓரமாக ஆறு நாற்காலிகள். கண்ணைப் பரிசோதிக்கும் முன் கண் பாப்பா விரிவதற்காகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் அங்கே அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விரிந்த கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் விளக்கெல்லாம் அணைத்து, கதவை மட்டும் ஒரு கை அகலம் திறந்து வைத்திருப்பார்கள். அந்த இருட்டில் தினமும் மதியம் இரண்டு நாற்பதுக்கு அந்த விளக்கு தானாக எரிந்தது. பதினோரு நிமிடம். பிறகு தானாக அணைந்தது. நர்ஸம்மா மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாவது நாள் ஃபோன் செய்தாள்.

"டெஸ்டர் அக்கா, நீங்க மாட்டின விளக்குக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. வந்து வைத்தியம் பாருங்க."

டெஸ்டர் அக்கா என்பது எலக்ட்ரீஷியனான அவளுக்குக் கிளினிக்கில் வைத்த பெயர். மேல்சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். கிளினிக் நடத்தும் கண் டாக்டர் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. "நான் கண்ணைத் திறந்துவிடுறேன், எங்க அக்கா லைட்டைப் போட்டுவிடுறா, குடும்பத் தொழில்" என்று தங்கை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆறு மாதம் முன்பு இந்தப் பழைய கட்டிடத்தின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்தபோது வயரிங் முழுக்க அக்காதான் செய்தாள். வருகிற வியாழக்கிழமை தீயணைப்பு அதிகாரி வந்து பார்க்கப்போகிறார். எமர்ஜென்சி விளக்குகளில் ஒன்று கோளாறு என்றாலும் உரிமம் புதுப்பிக்கமாட்டார்கள், கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான்.

"ஏண்டி பதறுற," என்றாள் அக்கா, தங்கையிடம். "இதுல என்ன பெரிய மாயம். உள்ள ஒரு பேட்டரி, ஒரு சின்ன சர்க்யூட், அவ்வளவுதான். லைன்ல கரண்ட் வர்ற வரைக்கும் பேட்டரி சார்ஜ் ஆகிட்டு, விளக்கு தூங்கும். கரண்ட் நின்னா உள்ள இருக்கற ரிலே ஸ்விட்ச் தானா விட்டுடும், பேட்டரியில விளக்கு எரியும். திரும்ப கரண்ட் வந்தா மறுபடி தூங்கிடும். சர்க்யூட் கெட்டுப்போயிருக்கும்."

ஏணி போட்டு விளக்கைக் கழற்றி, நடையில் இருந்த விளக்கை அங்கே மாட்டி, இதை நடையில் மாட்டினாள். மறுநாள் இரண்டு நாற்பதுக்கு நடையில் இருந்தது சாதுவாகத் தூங்கியது. சொட்டு மருந்து அறைக்கு வந்த நல்ல விளக்கு எரிந்தது.

அப்படியானால் விளக்கில் பழுதில்லை. அது தன் வேலையைத்தான் ஒழுங்காகச் செய்கிறது. அதற்கு வரும் லைனில் தினமும் பதினோரு நிமிடம் உண்மையாகவே கரண்ட் நிற்கிறது.

இதைத் தங்கையிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காரணம் இருந்தது. மற்ற விளக்குகளுக்கெல்லாம் போர்டிலிருந்து முறையாக லைன் இழுத்தவள், இந்த ஒன்றுக்கு மட்டும் இழுக்கவில்லை. திறப்பு விழாவுக்கு முதல் நாள், நேரமில்லை. கூரைச் சந்தில் பழைய வயர் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் எந்த விளக்கும் இல்லை, வெறும் டேப் சுற்றிய முனை. டெஸ்டரை வைத்தாள், எரிந்தது. எங்கிருந்து வந்தால் என்ன, வந்தால் சரி என்று அதையே விளக்கில் கொடுத்துவிட்டாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

அன்று மாலை ஆட்கள் போனபிறகு அந்த வயரின் வழியைத் தேடினாள். குழாய்க்குள் வயரை மெதுவாக இழுத்து, எங்கே அசைகிறதென்று சுவரில் காதை வைத்துக் கேட்டாள். அறையின் பின்சுவரில், முதல் நாற்காலிக்குப் பக்கத்தில், உள்ளே ஏதோ உரசியது. தட்டிப் பார்த்தாள். மற்ற சுவர்கள் செங்கல்லாக ஒலித்தன. அந்த இடம் மட்டும் பொத்தென்றது. பெயின்டுக்கு அடியில் பிளைவுட். இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பலகை, நான்கு மூலையிலும் திருகாணி. அதற்குப் பின்னால் மாடிப்படியின் அடிவயிறு இருக்க வேண்டும்.

கட்டிடத்தின் சொந்தக்காரரை ஃபோனில் கூப்பிட்டாள்.

"மாடிப்படிக்கு அடியிலயா? அங்க ஒண்ணுமில்லம்மா. எங்கப்பா காலத்துலயே அடைச்சது."

"அங்க லைட் ஏதாவது இருந்துச்சா சார்? ஒரு லைன் போகுது."

"லைட்டா? அங்க எப்பவுமே லைட் போட்டதில்லயே." அவர் குரல் தணிந்தது. "அதை எதுக்கும்மா நோண்டுறே? உனக்கு வேணும்னா புது லைன் இழுத்துக்கோ. அதை விட்டுடு."

மறுநாள் மதியம் இரண்டரைக்கே அவள் அந்தப் பலகையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இருட்டில், அவளுக்குப் பின்னால் வரிசையாக ஆறு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். ஒருவர் லேசாகக் குறட்டை விட்டார். மருந்தின் கசப்பு வாடை, யாருடைய தலையிலிருந்தோ எண்ணெய் வாடை, கதவிடுக்கு வழியாக வந்த ஃபினாயில் நெடி, எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன அறையில் தேங்கிக் கிடந்தன. காதைப் பலகையில் ஒட்டி வைத்தாள். பலகை சில்லென்றிருந்தது. உள்ளே எதுவும் இல்லை. எதுவும் இல்லாததன் சத்தம், பானைக்குள் காதை வைத்தால் கேட்குமே, அது மட்டும்.

டக்.

கதவுக்கு மேல் விளக்கு எரிந்தது. நாற்காலிகளில் முனகல் எழுந்தது.

இருபது வருடமாக அந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எலி கடித்தால் அப்படிக் கேட்காது. ரிலே விட்டாலும் அப்படிக் கேட்காது. பழைய காலத்து ஸ்விட்ச், உள்ளே கனத்த ஸ்பிரிங் வைத்தது, விரல் கொடுத்து அழுத்தினால்தான் விழும். அதை யாரோ அணைத்திருக்கிறார்கள்.

பதினோரு நிமிடமும் அவள் காதை எடுக்கவில்லை. பிறகு மறுபடி டக். விளக்கு அணைந்தது. எழுந்து வெளியே வந்தாள். டைமர், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே பழைய டைமர் ஏதாவது இருக்கும். மணி பார்த்து விழும். டைமர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக் விடுமுறை. தங்கை கையில் டார்ச்சோடு வந்தாள். போர்டில் மெயினை இறக்கிவிட்டு அக்கா பலகையின் திருகாணிகளைக் கழற்றினாள். பெயின்ட் பொரிந்து உதிர்ந்தபோது பலகையின் ஓரத்தில் இன்னும் நான்கு சின்ன ஓட்டைகள் தெரிந்தன, எதிரே கட்டையில் இரண்டு. ஒரு காலத்தில் தாழ்ப்பாள் இருந்த இடம்.

"வெளிப்பக்கமாவா தாழ்ப்பாள் போட்டிருந்தாங்க?" என்றாள் தங்கை.

"சாமான் அறைன்னா வெளியதான் போடுவாங்க."

பலகை விலகியது. சுண்ணாம்பும் பழைய துணியும் கலந்த ஒரு வாடை, வெகு நாள் திறக்காத பெட்டியின் வாடை, மெதுவாக வெளியே வந்து முகத்தில் உட்கார்ந்தது. அக்கா தவழ்ந்து உள்ளே போனாள். படிகளின் அடிப்பாகம் கூரையாகச் சரிந்து வந்தது. ஒரு ஆள் நிற்க முடியாது. உட்கார்ந்தால்கூடத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். சாமான் எதுவும் இல்லை. பல்பு மாட்டும் ஹோல்டர் இல்லை. டைமர் இல்லை. தரையிலும் சுவரிலும் விரல்கடை தடிமனுக்குத் தூசி, அதில் அவள் கைத்தடத்தையும் முழங்கால் தடத்தையும் தவிர வேறு தடம் இல்லை.

சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு ஸ்விட்ச்.

அதன்மேல் மட்டும் தூசி இல்லை. கறுத்த குமிழ், தினமும் புழங்கும் பாத்திரத்தைப்போல வழவழவென்று மின்னியது.

"இவ்வளவு கீழ யாராவது ஸ்விட்ச் வைப்பாங்களா?" தங்கையின் டார்ச் வெளிச்சம் ஆடியது.

அக்கா வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று எங்கிருந்தோ சுவருக்குள்ளிருந்து ஸ்விட்சுக்கு வந்தது. இன்னொன்று ஸ்விட்சிலிருந்து மேலே ஏறி, கூரைச் சந்துக்குப் போய், வெறும் முனையாக நின்றிருந்தது. ஆறு மாதம் முன்பு வரை. அதாவது இத்தனை வருடமாக இந்த ஸ்விட்சைப் போட்டாலும் எதுவும் எரிந்திருக்காது. அணைத்தாலும் எதுவும் அணைந்திருக்காது. போட்டு, காத்திருந்து, இருட்டில், அணைத்து, மறுபடி போட்டு. இவள் வந்து அந்த முனையில் ஒரு விளக்கைக் கொடுத்தாள். பலகையின் இடுக்கு வழியாக அந்த வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்திருக்கும்.

"அக்கா, வெளிய வா."

"இரு. இதைக் கழட்டிடறேன்."

"வேண்டாம்க்கா. நீ புது லைன் இழு. இது அது பாட்டுக்கு இங்க இருக்கட்டும்."

"லைன் எங்கிருந்து வருதுன்னே தெரியல, இதை இப்படியே விட்டா நாளைக்கு யாராவது ஷாக் அடிச்சுச் சாவாங்க."

அது உண்மைதான். ஆனால் அவள் அதை அவிழ்த்த வேகத்துக்குக் காரணம் அது மட்டுமல்ல. வயர்களை வெட்டி, தனித்தனியாக டேப் சுற்றி, ஸ்விட்சைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். சுவரில் சதுரமாக ஒரு குழி மிஞ்சியது. பலகையை மூடி, நீளமான புதுத் திருகாணிகளாகப் பார்த்து முடுக்கினாள். பிறகு ஆறு மாதம் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். போர்டிலிருந்து புது லைன் இழுத்து விளக்குக்குக் கொடுத்தாள். மெயினைப் போட்டதும் விளக்கில் பச்சைப் புள்ளி எரிந்தது. சார்ஜ் ஆகிறது. நல்ல பிள்ளையாகத் தூங்குகிறது.

திங்கள் இரண்டு நாற்பதுக்கு விளக்கு எரியவில்லை. செவ்வாயும் இல்லை. வியாழக்கிழமை அதிகாரி வந்து, மெயினை இறக்கச் சொல்லி, எல்லா விளக்குகளும் கண்சிமிட்டாமல் எரிவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தங்கை ஃபோனிலேயே கூத்தாடினாள். அக்கா மட்டும் அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை. சுவரில் மிஞ்சிய அந்தச் சதுரக் குழி கண்ணை மூடினால் வந்தது. அதை நோக்கி எதுவோ தடவிக்கொண்டு வருவதும், அங்கே ஒன்றும் இல்லாமல் நிற்பதும்.

"கண்ணுல கருப்புப் புள்ளி பறக்குதுன்னு சொன்னியே, வெள்ளிக்கிழமை வா, உள்ள விழித்திரை வரைக்கும் பார்த்துடலாம்," என்றாள் தங்கை. "ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறேன், கூடப்பிறந்தவ கண்ணைப் பார்க்கலன்னா அம்மா என்னை விடமாட்டா."

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. நர்ஸம்மா மருந்தை விட்டாள். எரிச்சலாகக் கண்ணில் இறங்கி, கசப்பாகத் தொண்டைக்கு வந்தது.

"பாப்பா விரிஞ்சதும் பக்கத்துல இருக்கறது மங்கும் அக்கா, தூரத்துல இருக்கறது தெரியும். பயப்படாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க."

காலியாக இருந்தது கதவோரம் இருந்த ஆறாவது நாற்காலிதான். மற்ற ஐந்திலும் ஆட்கள். பலகைக்குப் பக்கத்தில், முதல் நாற்காலியில், ஒரு வயதான அம்மாள். அக்காவுக்கு அடுத்த ஐந்தாவது நாற்காலியில் வாய் ஓயாத ஒரு பெரியவர். இருபது நிமிடத்தில் அவர் தன் இரண்டு மருமகன்களின் ஜாதகத்தையும் சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பேச்சு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த கை மெதுவாகத் தளர்ந்தது.

மின்விசிறியின் ஓசை இறங்கியது. இறங்கி, நின்றது.

குடிநீர் இயந்திரம் நின்றது. கருவியின் பீப் நின்றது. மூடிய இமைக்குள் சிவப்பாக வெளிச்சம் பரவியது.

"கரண்ட் போயிடுச்சு, யாரும் எழுந்திருக்காதீங்க," நர்ஸம்மாவின் குரல். "நடையில எமர்ஜென்சி விளக்கு ரொம்ப வெளிச்சமா இருக்கு, கதவைச் சாத்திடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. இது நிஜமான மின்வெட்டு. விளக்கு எரிய வேண்டியதுதான், எரிகிறது. அவள் கண்ணைத் திறந்து அறையின் மறுகோடியைப் பார்த்தாள். வெளிச்சம் கூசினாலும் தூரம் துல்லியமாகத் தெரிந்தது. பலகை. பலகையில் நான்கு புதுத் திருகாணிகளின் பளபளப்பு. முடுக்கியது முடுக்கியபடி. அவள் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினாள்.

டக்.

இமைக்குள் இருந்த சிவப்பு போய்விட்டது.

கண்ணைத் திறந்தாள். இருட்டு. கரண்ட் வந்துவிட்டதா? மின்விசிறி அசையவில்லை. கரண்ட் வரவில்லை. பேட்டரியில் எரிகிற விளக்கு. அதற்கு ஸ்விட்ச் இல்லை. அதை அணைக்க வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்க வேண்டும். வேறு வழியே இல்லை. அவளுக்குத் தெரியும். அவள்தான் மாட்டினாள்.

டக்.

விளக்கு எரிந்தது. முதல் நாற்காலியில் வயதான அம்மாள் கண்ணை மூடியபடியே முகத்தை மேலே தூக்கிக் காட்டினாள், சொட்டு மருந்துக்குக் காட்டுவதுபோல.

அந்த அம்மாளின் காலருகே தரையில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு விலா எலும்பும் தெரிந்தது. அறையின் கூரை பத்தடி உயரத்தில் இருந்தது. ஆனாலும் அது தலையை ஒரு தோளின்மேல் முழுக்கச் சாய்த்து வைத்திருந்தது. அந்தத் தலைக்கு நிமிரத் தெரியாது. ஒரு கை நீண்டு, அம்மாளின் முழங்கால்மேல் இருந்தது. ஒரு விரல் அழுத்தியபடி.

அழுத்திவிட்டு, அது சாய்ந்த தலையோடே கண்ணை மட்டும் உயர்த்தி விளக்கைப் பார்த்தது. பிறகு சுவரைத் தடவியது. அடுத்த நாற்காலி.

டக்.

இருட்டு. துணி தரையில் இழுபடும் சத்தம்.

டக்.

வெளிச்சம். மூன்றாவது நாற்காலி. இப்போது விலா எலும்புகள் தெரியவில்லை. ஓரங்கள் கரைந்திருந்தன. நாற்காலியில் இருந்தவர் தூக்கத்தில் காலை உதறினார்.

டக்.

இருட்டு. நாலாவது. அவள் கத்த வாய் திறந்தாள். சுண்ணாம்பும் பழைய துணியும் கலந்த வாடை வாயை அடைத்தது.

டக்.

வெளிச்சம். ஐந்தாவது. கைநீட்டினால் தொடும் தூரம். அவள் கண்ணுக்கு அது வெறும் வெளுப்பு. சாய்ந்த ஒரு வெளுப்பு. அதில் கறுப்பாக இரண்டு இடம்.

"என்னம்மா நர்ஸு, கை இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமல். "எத்தனை தடவைதான் மருந்து போடுவீங்க?"

"ஐயா," என்றாள் அவள். குரல் காற்றாக வந்தது.

"சும்மா இரும்மா. உன்கிட்டதான் வர்றாங்க."

ஒற்றைப்படை நாற்காலிக்கு வெளிச்சம். இரட்டைக்கு இருட்டு. அவளுடையது ஆறு.

முழங்காலில் விரல் பட்டது.

டக்.

இருட்டு. அது அவளுடைய எலும்புக்குள் கேட்டது.

மறுபடி அழுத்தினால் எரியும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். எரியட்டும். எதுவாயிருந்தாலும் வெளிச்சத்தில் இருக்கட்டும். விரல் அவள் முழங்காலை விட்டு எடுக்கப்படவில்லை. அதுவும் மேலே பார்த்துக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

தலைக்கு மேல் மின்விசிறி முனகியது. சுற்றத் தொடங்கியது. நடையில் குடிநீர் இயந்திரம் உறுமியது.

"கரண்ட் வந்துடுச்சு!" தூரத்தில் தங்கையின் குரல், சிரிப்போடு. "இன்னும் பத்து நிமிஷம் அக்கா, கண்ணைத் திறக்காத!"

கரண்ட் வந்துவிட்டது. லைனில் மின்சாரம் இருக்கிறது. கதவுக்கு மேலே பச்சைப் புள்ளி எரிந்தது. விளக்கு இனி எரியாது. பழுதில்லாத விளக்கு, சரியான லைன்.

விரல் அவள் முழங்காலை அழுத்தியது. டக். இருட்டு அப்படியே இருந்தது. காத்திருந்தது. அழுத்தியது. டக். காத்திருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தியது. அவசரமே இல்லாமல். பிறகு இன்னொரு கை, சில்லென்று, அவள் மறு முழங்காலைத் தடவிக் கண்டுபிடித்து, மெதுவாக மேலே ஏறத் தொடங்கியது, ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்துக்கொண்டே.